சிங்க முகமூடி கோணாமலும் பூஞ்சை பிடிக்காமலும், குழந்தை பேசவும் பார்க்கவும் ஏற்றதாகவும் செய்வது எப்படி?

உங்கள் 9 வயது மகன் ஜனவரியில் நடக்கும் பள்ளி ஆண்டுவிழாவில், சிங்கமும் முயலும் கதையில் சிங்கமாக நடிக்கிறான். பலூனின் மீது மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை ஒட்டி நீங்கள் செய்த முகமூடி, பலூனை உடைத்து எடுத்த மறுநாளே கோணிவிட்டது. நான்காம் நாள் உட்புறம் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்தது. ஆகவே, அவன் முகத்தின் மீதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசி அச்சு எடுக்கலாமா, காகிதத்தைவிட நல்ல பொருள் ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளைப் பற்றிய கேள்வியாக இதை நீங்கள் அமைத்திருந்தாலும், கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன: கோணிய முகமூடியையே மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தபோது அவன் பேசியது யாருக்கும் கேட்கவில்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்ததும் முகமூடி கழன்று விழுந்தது. பூஞ்சையும் கோணலும் இல்லாத முகமூடியை நீங்கள் செய்துமுடித்தாலும் இந்த இரண்டு குறைகளும் அப்படியே இருக்கும். எனவே அவன் சுவாசிக்க, பார்க்க, பேச, குனிய ஏற்ற முகமூடி எது என்பதையே உங்கள் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் சிற்பக்கலை படித்தவன். 22 ஆண்டுகளாகப் பள்ளிகளுக்கும் நாடகக் குழுக்களுக்கும் முகமூடி செய்து கொடுத்து வருகிறேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி என் கையால் பலமுறை செய்து உறுதிப்பட்டவை. ஓரிரண்டு இடங்களில் அனுபவம் இரு விதமாகவும் இருந்திருக்கிறது. அங்கே அதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சிரைப்பு, தோல் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு முகமூடி அணிவிக்கலாமா என்பது மருத்துவர் சொல்லவேண்டியது. அதில் என் கருத்துக்கு இடமில்லை.

முதலில் பிளாஸ்டர் பற்றி: குழந்தையின் முகத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்துப் பூசவே கூடாது. அந்தப் பொடி தண்ணீரோடு சேர்ந்து மறுபடியும் ஜிப்சமாக இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. கனமாகப் பூசினால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, 60 பாகை செல்சியஸையும் எட்டக்கூடும். இறுகத் தொடங்கியபின் சட்டென்று பிய்த்தெடுக்கவும் முடியாது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 2007ஆம் ஆண்டு, பள்ளி ஓவிய வகுப்பில் தன் கைகளுக்கு அச்சு எடுப்பதற்காக அவற்றைப் பிளாஸ்டரில் நேரடியாக அமிழ்த்திய 16 வயது மாணவி ஒருவர், கடுமையான தீக்காயத்தால் தம் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் பேண்டேஜ் துணியை நனைத்து, வாசலின் தடவிய முகத்தில் மெல்லிய பட்டைகளாக ஒட்டி அச்சு எடுக்கும் முறை நாடகத் துறையில் இருக்கிறது. அதில் வெப்பம் மிகக் குறைவு. பழகிய இருவர் உடனிருந்து, கண்களையும் நாசித் துளைகளையும் விட்டுவிட்டு, அசையாமல் படுத்திருக்கச் சம்மதிக்கும் பெரியவருக்குச் செய்யலாம். 9 வயதுக் குழந்தைக்கு நான் அதையும் செய்வதில்லை. கால் மணி நேரம் கண்களை மூடி, முகம் இறுகுவதை உணர்ந்தபடி படுத்திருப்பது பல குழந்தைகளுக்கு அச்சமூட்டுகிறது. சிங்க முகமூடிக்கு அவ்வளவு துல்லியமான முக அச்சு தேவையுமில்லை.

உங்கள் முதல் முகமூடி ஏன் கெட்டது என்பதற்கு வருகிறேன். காகிதத்தின் மீது குற்றமில்லை. பலூனும் அவசரமும்தான் காரணம். பலூனுக்குள் இருக்கும் காற்று பகலில் சூடேறினால் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, நாளுக்கு நாள் கசிந்தும் போகிறது. ஈரக் காகிதம் எந்த வடிவத்தில் காய்கிறதோ அதே வடிவத்தில்தான் இறுகும் என்பதால், அடியில் இருப்பது நிலையாக இருக்கவேண்டும். வெளிப்புறம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கிறதே என்று பலூனை உடைத்திருப்பீர்கள். உள்ளடுக்குகளில் ஈரம் இருந்திருக்கும். தாங்கல் போனபின் அந்த ஈரம் காயும்போது ஒவ்வொரு பக்கமும் தனக்குத் தோன்றியபடி சுருங்கிக் கோணுகிறது. காற்றுப் படாத உட்புறத்தில், மாவும் ஈரமும் சேர்ந்த இடத்தில், பூஞ்சை வளர்கிறது. நீங்கள் செய்தது ஐப்பசி மழை நாட்களில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்தில் ஒரே மூச்சில் எட்டு அடுக்கு ஒட்டினால் நான் செய்தாலும் இதே கதிதான். இன்னொன்று, பலூன் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குவிந்தது. மனித முகமோ நெற்றியில் தட்டையாகவும், கண்ணருகில் பள்ளமாகவும், கன்ன எலும்பில் மேடாகவும் இருக்கிறது. அதனால் பலூன் முகமூடி முகத்தின் எந்த இடத்திலும் பொருந்தி உட்காராமல் மூக்கு நுனியில் மட்டும் இடித்துக்கொண்டு ஆடும்.

இனி, எப்படிப்பட்ட முகமூடி என்ற முடிவு. முழு முகத்தையும் மூடும் முகமூடி பேசாத ஆட்டத்துக்கு உரியது. வங்காளத்தின் புருலியா மாவட்டத்துச் சாவ் ஆட்டத்தைப் பாருங்கள்: துர்க்கையும் மகிஷாசுரனும் சிங்கமும் முழு முகமூடியோடு துள்ளிக் குதிக்கிறார்கள், அவர்கள் வாய் திறப்பதில்லை, கதையைப் பாட்டும் மேளமும் ஷெனாயும் சொல்கின்றன. இத்தாலியின் பழைய நகைச்சுவை நாடக மரபில் நடிகர்கள் ஓயாமல் பேசவேண்டியிருந்ததால், அவர்களுடைய தோல் முகமூடிகள் பெரும்பாலும் மேலுதட்டோடு நின்றுவிடும். வாயும் தாடையும் வெளியே இருக்கும். உங்கள் மகனுக்கு வசனம் இருக்கிறது. எனவே நெற்றி முதல் மேலுதடு வரை மறைக்கும் அரை முகமூடிதான் அவனுக்கு ஏற்றது. சிங்கத்தின் மேல்தாடை அவன் மூக்குக்கு மேலாக 4 செ.மீ. அளவுக்கு முன்னே நீண்டு நிற்கட்டும். கீழ்த்தாடையாக அவனுடைய தாடையே இருக்கட்டும், அதில் மஞ்சளும் பழுப்புமாக ஒப்பனைச் சாயம் தீட்டிக்கொள்ளலாம். பார்வையாளருக்கு அது முழுச் சிங்கமாகவே தெரியும். பேசும்போது அவன் வாய் அசைவதால் சிங்கமே பேசுவதுபோல் இருக்கும். குரலைத் தடுக்க எதுவும் இராது, மூச்சுக்காற்றும் கீழே தடையின்றிப் போய்வரும்.

பிடரியை முகமூடியில் ஒட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீட்டு முகமூடிகள் முன்பக்கம் சாய்வதற்கு அந்தப் பிடரிதான் காரணம். எடை முழுவதும் முகத்துக்கு முன்னே தொங்கினால் எந்த எலாஸ்டிக்கும் அதைப் பிடித்து நிறுத்தாது. தலையோடு ஒட்டி நிற்கும் பருத்திக் குல்லாய் ஒன்றை எடுத்து, உல்லன் நூலை விரல் நீளத்தில் வெட்டி அதில் வரிசையாகத் தைத்துப் பிடரியாக்குங்கள். முகமூடியின் நெற்றி விளிம்பைக் குல்லாயின் முன் விளிம்போடு மூன்று இடங்களில் வெல்க்ரோவால் இணையுங்கள். எடை தலை மீது ஏறிவிடும். எப்போது வேண்டுமானாலும் ஒரு கையால் கழற்றவும் முடியும். கிணற்றைக் குனிந்து பார்க்கும் காட்சிக்கு இதைவிட நம்பகமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் மகனை உட்காரவைத்து நான்கு அளவுகளை எடுங்கள்: ஒரு கண்ணின் பாவையிலிருந்து மறு கண்ணின் பாவை வரை, நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து புருவ நடு வரை, புருவ நடுவிலிருந்து மேலுதடு வரை, ஒரு பக்க நெற்றிப்பொட்டிலிருந்து மறு பக்க நெற்றிப்பொட்டு வரை முகத்தின் மேலாகச் சுற்றி. பெரியவர்களுக்குப் பாவைகளுக்கு இடையே சராசரியாக 6.3 செ.மீ. இருக்கும், இந்த வயதுக் குழந்தைக்கு அதைவிட முக்கால் முதல் ஒரு செ.மீ. வரை குறையும். கடையில் வாங்கும் முகமூடி பிள்ளைகளுக்கு ஒரு கண்ணை மறைப்பது இதனால்தான். கண் துளையைப் பெரிதாக வெட்டினால் நன்றாகப் பார்க்கலாம் என்று நினைப்போம். அதைவிட முக்கியமானது, துளை கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. 3 செ.மீ. விட்டமுள்ள துளை கண்ணிலிருந்து 1 செ.மீ. தள்ளி இருந்தால், அதன் வழியே ஏறத்தாழ 110 பாகை அகலத்துக்குப் பார்க்கலாம். அதே துளை 3 செ.மீ. தள்ளிப்போனால் 55 பாகைகூடக் கிடைக்காது. அதாவது, உட்புறம் முகத்தோடு ஒட்டி உட்காரும் முகமூடியில் சின்னத் துளையும் போதும்; தள்ளி ஆடும் முகமூடியில் எவ்வளவு வெட்டினாலும் போதாது. ஆரம்ப காலத்தில், ஒரு பள்ளி நாடகத்துக்கு நான் செய்து கொடுத்த கரடி முகமூடியில் இதைக் கவனிக்கத் தவறினேன். நேரே பார்க்க வசதியாக இருந்தது; கீழே பார்க்க இயலவில்லை. மேடைப் படியில் அந்தச் சிறுமி கால் தவறி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து, பாவைக்கு மேலே விடுவதைவிடக் கீழே அதிக இடம் விட்டுக் கண் துளையை வெட்டுகிறேன்; முகமூடியை மாட்டிக்கொண்டு குழந்தை தன் கால் விரல்களைப் பார்க்க முடிகிறதா என்று சோதிக்காமல் கொடுப்பதில்லை.

அச்சுக்குக் களிமண்ணைவிடச் சிறந்தது இல்லை. மண்பாண்டம் செய்பவர்களிடம் நான்கைந்து கிலோ பிசைந்த மண் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு சில்வர் சட்டியைப் பலகையில் கவிழ்த்து, அதன் மேல் கசக்கிய தாளையும் மாஸ்கிங் டேப்பையும் கொண்டு மேடு பள்ளங்களை உருவாக்கலாம். முதலில் சிங்கத்தை மறந்துவிட்டு, மகனின் அளவுகளுக்கு ஏற்ப நெற்றி, கண்குழி, மூக்கு, கன்ன எலும்பு ஆகியவற்றை மட்டும் தோராயமாக எழுப்புங்கள். பக்கவாட்டில் அரை செ.மீ. தாராளமாக விடுங்கள். அதன் மீது சிங்கத்தின் மூக்கும் புருவமும் மேல்தாடையும் வரட்டும். உறுப்புகளைச் சற்று மிகையாகவே எழுப்பவேண்டும், ஏனென்றால் அச்சின் மேலே ஒட்டும் ஒவ்வோர் அடுக்கும் கூர்மையைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் பிளாஸ்டரில் குழி அச்சு எடுத்து அதன் உட்புறமாகக் காகிதத்தை அழுத்துவது இந்தக் காரணத்தால்தான். அவர்களுடைய முகமூடியில் வெளிப்பக்கம் அச்சைத் தொட்டு நிற்பதால் வடிவம் மழுங்குவதில்லை. ஒரே ஒரு முகமூடிக்காக நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: மேலிருந்து பார்த்தால் அச்சின் எந்தப் பகுதியும் உள்வாங்கி மறையக்கூடாது. மூக்கின் அடியில் உட்குடைவு இருந்தால் காய்ந்த காகிதம் அதில் மாட்டிக்கொண்டு வெளியே வராது, வந்தாலும் கிழியும்.

காகிதம் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சாவ் முகமூடிகள் செய்யும் சரிடா கிராமத்தில் களிமண் அச்சின் மேல் சலித்த சாம்பலைத் தூவுகிறார்கள். அதற்கு மேல் மெல்லிய தாளை எட்டுப் பத்து அடுக்கு ஒட்டி, பிறகு மண்குழம்பும் துணியும் ஏற்றுகிறார்கள். வீட்டில் அச்சின் மேல் கிளிங் ராப்பைச் சுருக்கமில்லாமல் போர்த்தினால் போதும். அதன் மேல் முதல் அடுக்கைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்த தாளால் போடுங்கள்; அது தோல்போலப் படிந்து, பின்னால் வரும் அடுக்குகளைத் தாங்கும், எடுக்கும்போது சுலபமாகப் பிரியும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவச் சொல்வார்கள். அது காகிதத்துக்குள் ஊறி, பின்னால் சாயம் பிடிக்காமல் செய்யும் என்பதால் நான் தவிர்க்கிறேன்.

தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். இழைகள் நேராகக் கிழியும் திசையில் படுத்திருக்கின்றன என்று அர்த்தம். நனையும்போது தாள் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரிகிறது, காயும்போது அதே திசையில் அதிகம் சுருங்குகிறது. ஆகவே ஓர் அடுக்கில் பட்டைகளைக் குறுக்காகவும் அடுத்ததில் நெடுக்காகவும் ஒட்டினால் இழுவிசைகள் ஒன்றையொன்று சமன் செய்யும். கோணலுக்கு எதிரான பாதிப் பாதுகாப்பு இதிலேயே கிடைத்துவிடுகிறது. கிழித்த ஓரம் பூப்போல மெலிந்திருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் விளிம்பு தெரியாது. பட்டை இரண்டு விரல் அகலத்துக்கு மிகாமலும், மூக்கைச் சுற்றி நகக்கண் அளவுத் துண்டுகளாகவும் இருக்கட்டும். ஓர் அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு பழுப்புத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்பது கண்ணுக்குத் தெரியும். குழந்தைக்கான அரை முகமூடிக்கு ஆறு அடுக்கு போதும். விளிம்புகளுக்கும் வெல்க்ரோ வரும் இடங்களுக்கும் கூடுதலாக இரண்டு.

தாளை ஊறவைத்து அரைத்த கூழால் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் பாட்டிமார் பழைய தாளை வெந்தயத்தோடு ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்து, பானையின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்தார்கள். வெந்தயத்தின் கொழகொழப்பு பிசினாகவும், அதன் கசப்பு பூச்சிகளுக்குத் தடையாகவும் பயன்பட்டது. புதுச்சேரிப் பகுதியில் திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெறும் அளவுக்குப் பேர்பெற்றது. கூடைக்கும் பொம்மைக்கும் கூழ் மிகவும் பொருந்தும். முகமூடி போன்ற மெல்லிய ஓட்டுக்கு, நீள இழைகள் அறுபடாமல் இருக்கும் தாள்பட்டையே வலுவானது. கூழில் தண்ணீர் அதிகம் என்பதால் சுருக்கமும் வெடிப்பும் கூடுதல். சிங்கத்தின் மூக்கு நுனி, புருவ மேடு போன்ற இடங்களுக்கு மட்டும், பட்டைகள் முழுக்கக் காய்ந்தபின், கூழை மெல்லியதாக அப்பிக்கொள்ளுங்கள்.

பசைக்கு ஒரு பங்கு மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வரும்படி சேர்த்து, சிறு தீயில் கிளறுங்கள். வெள்ளையாக இருந்த கரைசல் கெட்டிப்பட்டுக் கண்ணாடிபோலப் பளபளக்கும்போது இறக்கிவிடலாம். வேகாத மாவைக் குழைத்து ஒட்டினால் பிடிப்பும் குறைவு, பூஞ்சைக்கும் விருந்து. சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் பைண்டிங் செய்பவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்க இந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம், அது நஞ்சு. வியர்க்கும் குழந்தையின் முகத்தில் படப்போகும் முகமூடிக்கு அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கிராம்பு எண்ணெய் நான்கைந்து சொட்டு விடுவதில் எனக்கு இரு விதமான அனுபவமும் உண்டு: கோடையில் செய்தவை கெடவில்லை, ஆனால் அவை எண்ணெய் விடாவிட்டாலும் கெட்டிருக்காது, மழைக்காலத்தில் விட்டும் ஒன்றிரண்டில் பூஞ்சை வந்தது. ஈரமான மாதங்களில் மைதாவை விட்டுவிட்டு, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து பயன்படுத்துவதே என் தேர்வு. செலவு சற்றுக் கூடும்; பூஞ்சைக்குத் தீனி குறைவு.

காயவைப்பதில்தான் இந்தக் கைவேலையின் உயிர் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு அடுக்கு ஒட்டி, முழுக்கக் காயவிட்டு, பிறகு அடுத்த இரண்டு. உச்சி வெயிலில் வைத்தால் வெளித்தோல் முந்திக்கொண்டு சுருங்கி உள்ளடுக்கை இழுக்கும்; நிழலில், மின்விசிறிக் காற்றில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை திருப்பி வைப்பது நல்லது. மார்கழியில் இரவில் திறந்த இடத்தில் விடாதீர்கள், பனி ஏறிவிடும். காய்ந்ததா என்று விரலால் தொட்டு முடிவு செய்யக்கூடாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும், காய்ந்திருந்தால் அறையின் வெப்பத்திலேயே இருக்கும். நகத்தால் தட்டினால் ஈரமான தாள் மொத்தென்று ஒலிக்கும், காய்ந்தது டக்கென்று அட்டைப்பெட்டிபோல ஒலிக்கும். சமையலறைத் தராசு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. அச்சு கனமில்லாத சட்டியாக இருந்தால் அதோடு சேர்த்துக் காலையிலும் மாலையிலும் எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் ஈரம் போயிற்று என்று பொருள். ஆறு அடுக்கும் முடிந்து அந்த நிலை வந்தபின் ஒரு நாள் கூடுதலாக அச்சிலேயே இருக்கட்டும். கழற்றியதும் உட்புறத்தை விசிறிக்குக் காட்டி மேலும் ஒரு நாள் வையுங்கள்; அப்போது கசக்கிய தாளை உள்ளே தாங்கலாகத் திணித்துவைப்பது கோணாமல் காக்கும்.

அடுத்து, வெளிப்புறத்துக்குப் போகும் முன் உட்புறத்தை முடியுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்து, கடைசியில் நேரமில்லாமல் உட்புறத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மூச்சிலும் வியர்வையிலும் 20 நிமிடங்களில் காகிதம் ஊறித் தொய்யும்; வெள்ளைப் பசையை நீர்க்கக் கரைத்து உட்புறம் இரண்டு பூச்சு கொடுத்தால் ஈரம் எளிதில் ஏறாது. விளிம்புகளில் மெல்லிய பருத்தித் துணிப்பட்டையை மடித்து ஒட்டுங்கள், அறுக்காது. நெற்றி நடுவிலும் இரு கன்ன எலும்புகளிலும் ஒரு ரூபாய் நாணய அளவில் ஃபோம் துண்டு ஒவ்வொன்று வையுங்கள். இந்த மூன்று இடங்களில் மட்டும் முகமூடி முகத்தைத் தொடவேண்டும். மற்ற இடங்களில் காற்று புகும் இடைவெளி தானாகவே அமையும். கண் துளைகளை இப்போது வெட்டுங்கள், மகனுக்கு மாட்டி, பாவை வரும் இடத்தை வெளியிலிருந்து பென்சிலால் குறித்துவிட்டுக் கழற்றிய பிறகு. முகத்தில் இருக்கும்போது கட்டரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

வெளிப்பூச்சுக்கு, தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையில் மேடு எழுப்பப் பயன்படுத்தும் மக்கைப் போன்ற ஒன்றைச் செய்துகொள்ளலாம்: வொயிட்டிங் பவுடரையோ அரைத்த சாக்பீஸ் தூளையோ வெள்ளைப் பசையில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, இரண்டு மெல்லிய பூச்சு பூசி, காய்ந்தபின் நைஸ் உப்புத்தாளால் தேயுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தையை அருகில் வைத்துக்கொள்ளவேண்டாம். செய்தித்தாளின் எழுத்துகள் மறைந்து முட்டை ஓடுபோல ஆகிவிடும். போஸ்டர் கலர் வியர்வையில் கரைந்து முகத்தில் இறங்கும். அக்ரிலிக் காய்ந்தால் கரையாது. வீட்டில் மீந்துபோன பழைய எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவேண்டாம். வீட்டு உபயோகச் சாயங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்று வீட்டில் அறிய வழியில்லை. நிறம் தீட்டும்போது அருகிலிருந்து பார்த்து அழகு செய்யாமல், பத்தடி தள்ளி நின்று பார்த்துப் பார்த்துத் தீட்டுங்கள். கண்ணைச் சுற்றி அடர்பழுப்பு வளையமும், புருவ மேட்டுக்கு அடியில் கருநிழலும் கொடுத்தால் கடைசி வரிசைக்கும் சிங்கத்தின் கோபம் தெரியும். மெல்லிய மீசைக்கோடுகள் மேடை வெளிச்சத்தில் மறைந்தே போகும்.

எலாஸ்டிக்கைக் கண் மட்டத்துக்கு நேராக, பொட்டின் அருகே தையுங்கள். காதுக்குக் கீழே போனால் மூக்கை அழுத்தி மூச்சை முட்டும். கழுத்தைச் சுற்றி எந்தக் கயிற்றையும் முடிபோடவேண்டாம். முகமூடியின் எடை 100 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் குழந்தைகளுக்குச் செய்யும் அரை முகமூடிகள் சாயத்தோடு 70 முதல் 90 கிராமுக்குள் நின்றுவிடுகின்றன. விழா மேடையில் குத்துவிளக்கு எரியுமானால், உல்லன் பிடரியோடு அவன் அதன் அருகே போகாதபடி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இவ்வளவுக்கும் உங்களுக்குக் குறைந்தது 8 நாள் வேண்டும். அவ்வளவு நாள் இல்லையென்றால் காகித அடுக்கு முறையைத் தொடங்காதீர்கள். பாதி காய்ந்த முகமூடியோடு மேடையேறுவதைவிட எழுதுபொருள் கடையில் கிடைக்கும் 2 மி.மீ. ஃபோம் ஷீட்டில் வெட்டி, நெற்றியிலும் கன்னத்திலும் ஆப்பு வடிவத் துண்டை நீக்கி, வெட்டிய ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால் ஒரே மாலையில் குவிந்த வடிவம் வந்துவிடும். எடை மிகவும் குறைவு, வியர்வைக்கும் கெடாது. நுட்பமான முகபாவம் அதில் வராது என்பதுதான் குறை. அட்டையையும் இப்படி மடக்கலாம், ஆனால் நெற்றியில் விறைத்துக்கொண்டு நிற்கும்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னதாக முகமூடி தயாராக இருக்கட்டும். முதல் நாள் 5 நிமிடம், மறுநாள் 10, மூன்றாம் நாள் முழு நாடகம் என்று அவனுக்குப் பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் அவன் முகத்தைப் பாருங்கள்: சிவந்த தடம் இருக்கும் இடத்தில் உள்ளே ஃபோம் வேண்டும் அல்லது விளிம்பைத் தேய்க்கவேண்டும். வீட்டு வாசலில் ஒரு பக்கெட் தண்ணீரை வைத்து, அதையே கிணறாகப் பாவித்து, குனிந்து தன் நிழலைப் பார்த்துக் கர்ஜிக்கச் சொல்லுங்கள். அந்தக் குனிவில் முகமூடி அசையாமலும், வசனம் அடுத்த அறையில் கேட்கும்படியும் இருந்தால் பள்ளிக்கு எடுத்துப் போகலாம். மேல்தாடை கண்ணை மறைக்கிறது என்று அவன் சொன்னால், முன்னே நீளும் பகுதியை ஒரு செ.மீ. வெட்டிக் குறைத்து, விளிம்பில் மறுபடியும் துணிப்பட்டை ஒட்டி, சாயம் தொட்டுவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

விழா முடிந்ததும் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ஓர் இரவு விசிறியடியில் வைத்த பிறகு, கசக்கிய தாளை உள்ளே திணித்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் மிச்சமிருக்கும் வியர்வை ஈரம் வெளியேறாமல் அடுத்த ஐப்பசிக்குள் பூஞ்சை வந்துவிடும்.